ஜார்ஜியா: உடைந்த வாக்குகளும் உடையாத நினைவும்



'ஜார்ஜியா' என்னும் பெயரால் உலகில் இரு நிலப்பகுதிகள் அழைக்கப்படுகின்றன. ஒன்று, கருங்கடலின் கிழக்குக் கரையில் காகசஸ் மலைச்சாரலில் அமைந்த தனி நாடு. மற்றொன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடலைத் தொட்டவாறு கிடக்கும் மாநிலம். நாம் இங்குக் காணவிருப்பது இரண்டாவதன் வரலாறு.

இம்மாநிலத்தைப் பற்றி நம் இல்லங்களில் அறியப்பட்டவை மிகச் சிலவே. உலகெங்கும் விற்கும் கோக்கோ கோலா பானம் 1886-இல் அட்லாண்டா நகரில்தான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காக உயிர்நீத்த மார்ட்டின் லூதர் கிங் 1929-இல் அந்நகரிலேயே பிறந்தார். 1977 முதல் 1981 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்து, 2024 டிசம்பரில் தம் 100-ஆம் வயதில் மறைந்த ஜிம்மி கார்ட்டர், இம்மாநிலத்தின் ப்ளெயின்ஸ் என்னும் சிற்றூரில் வேர்க்கடலை பயிரிட்டு வந்த குடும்பத்தவர்.

இவற்றை அறிந்தவர் பலர். ஆயின், இதே மாநிலத்தின் பல்கலைக்கழக நூலகத்தில், தோலுறையிட்ட, 13 பக்கங்களே கொண்ட, அரபு எழுத்தாலான ஒரு சிறு கையேடு பாதுகாக்கப்பட்டு வருகிறது என்பதையும், அதனை எழுதியவர் ஓர் அடிமை என்பதையும், அதில் அவர் எழுதி வைத்தவை நம் பிள்ளைகள் மதரஸாவின் தொடக்க வகுப்புகளில் ஓதும் அதே உளூ, பாங்கு, தொழுகைப் பாடங்களே என்பதையும் அறிந்தவர் எத்தனை பேர்?

அந்தக் கையேடு அங்கு எவ்வாறு தோன்றிற்று என்று அறிய வேண்டுமாயின், அம்மண்ணின் கதையை முதலிலிருந்தே காண வேண்டும். அது வாக்குக் கொடுப்பதும், கொடுத்த வாக்கை உடைப்பதுமாகவே நடந்து வந்த கதை.

அடிமை கூடாது என்ற சட்டம்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் அமைத்த 13 குடியேற்றங்களுள் இறுதியானது ஜார்ஜியா. 1732-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் இதற்கான பட்டயத்தை வழங்கினார். அவர் பெயரே நாட்டிற்கும் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜேம்ஸ் ஒக்லதோர்ப் என்பவர் நூற்றுக்கு மேற்பட்ட குடிகளோடு சவன்னா ஆற்றங்கரை மேட்டில் வந்து இறங்கினார்.

அம்மேட்டில் அப்போது யமக்ரா என்னும் பூர்வகுடியினர் வாழ்ந்து வந்தனர். அவர்களின் முதிய தலைவர் டோமோச்சிச்சி வந்தவர்களை விரட்டவில்லை, இடங்கொடுத்தார். 1734-இல் ஒக்லதோர்ப்புடன் இலண்டனுக்கே சென்று மன்னரைக் கண்டு மீண்டார். 1739-இல் அவர் மறைந்தபோது சவன்னா நகரின் ஒரு சதுக்கத்தில் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். ஆனால், 1880-களில் ஓர் இரயில் நிறுவனத் தலைவரின் நினைவுச் சின்னம் அதே இடத்தில் எழுப்பப்பட்டது. இடங்கொடுத்தவரின் அடக்கத்தலமே இடம் பறிபோயிற்று. பின்னர் 1899-இல் வேறொரு மூலையில் ஒரு பாறையை நாட்டி அவர் பெயரைப் பொறித்தனர்.

இக்குடியேற்றத்தை நிருவகித்த அறங்காவலர் குழு தொடக்கத்தில் விதித்த விதிகள் வியப்பிற்குரியவை. ஏழைக் குடிகளுக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம். எவருக்கும் 500 ஏக்கருக்கு மேல் கூடாது. ரம் என்னும் மது கூடாது. 1735-இல் இயற்றிய சட்டத்தின்படி அடிமை வைத்திருத்தலும் கூடாது. மற்ற குடியேற்றங்கள் யாவற்றிலும் அடிமை முறை நிலவிய காலத்தில் இப்படியொரு சட்டம்!

இதற்கு அறம் மட்டுமே காரணம் என்று கூறிவிட இயலாது. தெற்கே ஃப்ளோரிடாவில் இருந்த ஸ்பானியர், தப்பி வரும் அடிமைகளுக்கு விடுதலை அளித்து வந்தனர். எல்லையில் அடிமைகள் இருந்தால் பகைவர்க்குத் துணையாவர் என்ற அச்சமும் உண்டு. எனினும் அறத்தின் குரலும் எழாமல் இல்லை. 1739-இல் டேரியன் என்னும் கடலோர ஊரில் குடியேறியிருந்த 18 ஸ்காட்லாந்துக்காரர்கள், அடிமை முறை மனித இயல்புக்கே ஒவ்வாதது, அதை நுழைய விடாதீர் என்று மனு எழுதிக் கையொப்பமிட்டனர். வாசகர்களே, டேரியன் என்ற இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை மீண்டும் அங்கேயே வரும்.

16 ஆண்டுகளில் கவிழ்ந்த அறம்

அண்டையிலிருந்த தென் கரோலினாவின் நெல் வயல்கள் பெரும் பணம் ஈட்டித் தந்தன. அதைக் கண்ட ஜார்ஜியாக் குடிகள் பலர் அடிமை வேண்டும் என்று ஓயாது மனுப் போட்டனர். அறங்காவலர் குழு தளர்ந்தது. 1751 ஜனவரி முதல் நாளன்று தடை நீங்கியது. அப்போது அங்கிருந்த அடிமைகள் 500 பேருக்கும் குறைவு. 1775-இல் அத்தொகை ஏறத்தாழ 18,000 ஆயிற்று.

இந்த நெற்பயிர் குறித்து ஒரு செய்தி. கடல் ஏற்ற இறக்கத்தால் ஆற்று நீர் உயர்வதையும் தாழ்வதையும் கணக்கிட்டு, மதகு வைத்து வயலுக்கு நீர் பாய்ச்சும் தொழில் ஐரோப்பியர் அறிந்ததன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளில் தலைமுறை தலைமுறையாக உழவு செய்தோர் அறிந்தது. ஆகவே அப்பகுதி மக்களையே தோட்ட முதலாளிகள் விரும்பி வாங்கினர். ஆப்பிரிக்கரிடமிருந்து உடலுழைப்பை மட்டுமன்று, அறிவையும் பறித்தனர் என்பதே உண்மை.

நெல்லுக்குப் பின் பருத்தி வந்தது. உள்நாட்டில் விளையும் குட்டை இழைப் பருத்தியில் கொட்டை இறுகப் பற்றியிருக்கும். ஒருவர் நாள் முழுதும் கையால் பிரித்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு தேறுவது அரிது. 1793-இல் சவன்னாவிற்கருகில் ஒரு தோட்ட மாளிகையில் விருந்தினராகத் தங்கியிருந்த எலி விட்னி என்ற இளைஞர், இதற்கென ஓர் அரவைப் பொறியை அமைத்தார். அது நாளொன்றுக்கு 50 பவுண்டு பஞ்சைப் பிரித்தது. வேலையைக் குறைக்கப் பிறந்த பொறி அடிமையின் சுமையைக் குறைத்திருக்க வேண்டுமல்லவா? நடந்ததோ நேர்மாறு. பருத்தியில் இலாபம் பெருகவே, பயிரிடும் நிலம் பெருகிற்று. நிலம் பெருகவே, அடிமைகளின் தொகையும் பெருகிற்று. 1860-இல் ஜார்ஜியாவில் மட்டும் 4 இலட்சத்து 62 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் அடிமைகள்.

1859 மார்ச் மாதத்தில், டேரியன் பக்கத்துத் தோட்டங்களின் பங்காளரான பியர்ஸ் பட்லர் என்பவர், தம் கடன்களைத் தீர்க்க 400-க்கும் மேற்பட்ட அடிமைகளைச் சவன்னாவின் குதிரைப் பந்தயத் திடலில் இரண்டு நாட்கள் ஏலத்தில் விற்றார். இரு நாளும் மழை பெய்தது. 'அழுகையின் காலம்' என்று அம்மக்களின் வழித்தோன்றல்கள் அதனை இன்றும் குறிப்பிடுகின்றனர்.

எழுத்தைக் கண்டும் நாட்டை இழந்தோர்

மாநிலத்தின் வடக்கு மலைப்பகுதி செரோக்கி மக்களுக்குரியது. அவர்களுள் செகோயா என்பவர், பிற மொழி எதனையும் எழுதப் படிக்க அறியாதவராக இருந்தும், தம் மொழியின் ஒலிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து 1821-இல் ஏறத்தாழ 85 எழுத்துகள் கொண்ட ஒரு நெடுங்கணக்கை அமைத்தார். மொழி வரலாற்றில் இது அரிய நிகழ்ச்சி. சில ஆண்டுகளிலேயே செரோக்கியர் பலர் எழுதப் படிக்கக் கற்றனர். 1827-இல் அரசியல் சட்டம் வகுத்தனர். 1828-இல் நியூ எக்கோட்டா என்னும் தங்கள் தலைநகரிலிருந்து 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற செய்தித்தாளைத் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டனர்.

'நாகரிகமடையுங்கள், வாழ விடுகிறோம்' என்பதே வெள்ளையர் அவர்களுக்குக் கூறி வந்தது. நாகரிகம் வந்தது, வாழ்வு வரவில்லை. அதே காலத்தில் டலோனெகா பகுதியில் தங்கம் கிடைத்தது. செரோக்கியரின் நிலத்தை மாநில அரசு குலுக்கல் சீட்டு முறையில் வெள்ளையர்க்குப் பங்கிட்டது. 1832-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், செரோக்கியர் நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தும் பயனில்லை. 1835-இல், மக்களின் ஒப்புதல் பெறாத ஒரு சிறு பிரிவினரிடம் கையொப்பம் வாங்கி அதனை ஒப்பந்தம் என்றனர். 1838-இல் படைவீரர்கள் துப்பாக்கி முனையில் மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றி மேற்கே அனுப்பினர். ஏறத்தாழ 16,000 பேர் புறப்பட்டனர். முகாம்களிலும் வழியிலுமாக 4,000 பேர் வரை மாண்டனர். 'கண்ணீர்ப் பாதை' என வரலாறு கூறும் துயரம் இதுவே. செரோக்கியர்க்கு எதிரான அச்சட்டங்களை ஜார்ஜியா நீக்கியது 1962-இல்தான்.

ஸப்பேலோ தீவின் பிலாலி

இனிக் கடற்கரைக்கு வருவோம். டேரியன் ஊருக்கு எதிரே, சதுப்பு நிலங்களுக்கப்பால் கிடப்பது ஸப்பேலோ தீவு. பாலம் இல்லை, இன்றும் படகில்தான் செல்ல வேண்டும். 1802 வாக்கில் இத்தீவில் நிலம் வாங்கிய தாமஸ் ஸ்பால்டிங், பருத்தியும் கரும்பும் பயிரிட்டார். சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அதோடு மணலும் நீரும் சிப்பி ஓடும் கலந்து அடிமைகள் எழுப்பிய சுவர்களின் இடிபாடுகள் இன்றும் அங்கு நிற்கின்றன.

இத்தோட்டத்தில் நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கு மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டிருந்தவர் பிலாலி முஹம்மது. அவரும் அடிமையே. இன்றைய கினி நாட்டைச் சேர்ந்த ஃபூத்தா ஜல்லோன் மலைநாட்டில், திம்போ என்னும் ஊரில், 1770 வாக்கில் பிறந்தவர். திம்போ அந்நாளில் ஓர் இஸ்லாமிய அரசின் தலைநகர்; மார்க்கக் கல்வியில் பெயர் பெற்ற ஊர். ஓதிக்கொண்டிருந்த இளம் பருவத்திலேயே பிடிக்கப்பட்டு, பஹாமாஸ் தீவுகளில் அடிமையாக இருந்து, பின்னர் ஸ்பால்டிங்கிற்கு விற்கப்பட்டார்.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. அந்த ஃபூத்தா ஜல்லோன் அரசும் போரில் பிடித்த மக்களைக் கடற்கரை வணிகர்களுக்கு விற்றுவந்த அரசுதான். விற்றவர், வாங்கியவர், ஏற்றியவர் என இக்கொடுமையில் கை நனைத்தோர் பல சமயத்தினர். பிறர் குற்றத்தை எண்ணும் விரல்கள் நம் பக்கத்தையும் எண்ணினால்தான் வரலாறு வரலாறாகும்.

பிலாலி தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்தார், தொழுதார், ரமளானில் நோன்பு நோற்றார் என்று குறிப்புகள் கூறுகின்றன. 1812-இல் தொடங்கிய ஆங்கிலேயருடனான போரின்போது தீவைக் காக்க 80 துப்பாக்கிகள் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டனவாம். அடிமைகளின் கையில் ஆயுதம் தருவது கனவிலும் எண்ணப்படாத நாட்டில், இது அவர் மேல் வைக்கப்பட்ட நம்பிக்கையின் அளவைக் காட்டுகிறது. 1824-இல் பெரும் புயல் தீவைத் தாக்கியபோது, மக்களைச் சிப்பிச் சுவர்க் கட்டடத்திற்குள் கொண்டு சேர்த்துப் பலரின் உயிரைக் காத்தார் என்பதும் தீவின் மரபுச் செய்தி.

அண்டையில் செயின்ட் சைமன்ஸ் தீவின் கூப்பர் குடும்பத்தாரிடம் மற்றொரு முஸ்லிம் அடிமை இருந்தார். அவர் பெயர் ஸாலிஹ் பிலாலி. இன்றைய மாலி நாட்டின் மாஸினாப் பகுதியில் பிறந்து, சிறுவனாயிருக்கையில் கடத்தப்பட்டவர். 1846-இல் அவர் மேற்பார்வையில் இருந்த ஹோப்டன் தோட்டத்திற்கு வந்த ஆங்கிலேய நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல், அம்முதியவர் தம் மார்க்கத்தில் உறுதியாக நிற்கிறார், அவருடைய மக்களும் பேரர்களுமோ கிறித்தவராகிவிட்டனர் என்று எழுதிச் சென்றார். ஒரு வரியில் அடங்கிவிடும் இச்செய்தியின் பின்னே எத்தனை இரவுகளின் ஏக்கம் இருந்திருக்கும்! ஓதக் கற்பிக்கப் பள்ளியில்லை, கிதாபு இல்லை, ஓய்ந்த பொழுது இல்லை, பெற்ற பிள்ளை நாளை தம்மிடம் இருப்பான் என்ற உறுதியும் இல்லை.

13 பக்கங்கள்

பிலாலி முஹம்மது தம் இறுதிக் காலத்தில், தோலுறையிட்ட ஒரு சிறு கையேட்டை ஃபிரான்சிஸ் கோல்டிங் என்னும் பாதிரியாரிடம் கொடுத்தார். அவர் டேரியனில் வாழ்ந்த எழுத்தாளர். 1931-இல் அது மாநில நூலகத்தைச் சேர்ந்தது. எவராலும் படிக்க முடியவில்லை. தோட்ட வேலைகளைக் குறித்து வைத்த நாட்குறிப்பாக இருக்கும் என்று ஊகித்து, அப்பெயராலேயே அழைத்தனர்.

பின்னாளில் ஆப்பிரிக்க மொழி ஆய்வில் பெரும்புகழ் பெற்ற ஜோசப் கிரீன்பர்க், அக்காலத்தில் நைஜீரியாவின் கானோ நகருக்கு அதனைக் கொண்டு சென்று அங்குள்ள ஆலிம்களிடம் காட்டினார். அவர்கள் படித்தனர். 1940-இல் அவர் வெளியிட்ட கட்டுரை வாயிலாக உண்மை வெளிப்பட்டது. அது நாட்குறிப்பன்று. கைரவான் நகரின் அறிஞர் இப்னு அபீ ஸைது அவர்கள் எழுதிய 'அர்-ரிஸாலா' என்னும் நூலின் முன்னுரைப் பகுதியும், உளூ, பாங்கு, தொழுகை பற்றிய சில பகுதிகளும் ஆகும்.

நாம் நன்கறிந்த ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளைப் போன்று மேற்கு ஆப்பிரிக்காவில் வேரூன்றியது மாலிகீ மத்ஹபு. அதன் தொடக்கக் கல்விக்குரிய நூல் ரிஸாலா. ஹிஜ்ரி 386-இல், அதாவது கி.பி. 996-இல் மறைந்த அதன் ஆசிரியர், பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஏற்றதொரு நூல் வேண்டும் என்று ஓர் ஆசிரியர் கேட்டுக்கொண்டதற்கிணங்கவே அதனை எழுதினார். எனவே, ஸப்பேலோ தீவின் அம்முதியவர் எழுதி வைத்தது தாம் சிறுவனாயிருந்தபோது ஓதிய பாடம்!

அக்கையேட்டில் சொற்பிழைகள் உள்ளன. வரிகள் இடையிடையே தடுமாறுகின்றன. பார்த்தெழுதியதன்று, நினைவிலிருந்து எழுதியது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. பல்லாண்டுகள் கழிந்த பின்பும், கிதாபைக் கண்ணால் காணாமலும், திருத்தித் தர உஸ்தாது இல்லாமலும், மனத்தின் அடியில் கிடந்ததைத் தோண்டியெடுத்து மையால் எழுதியிருக்கிறார். பிழைகள் நிறைந்த அந்தப் பாடத்தைப் பிழையற்ற எத்தனையோ ஏடுகளினும் மேலாகவே நான் மதிக்கிறேன். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். சிறு வயதில் பிள்ளை மனத்தில் பதிந்த பாடம் எத்துணைத் தூரம் உடன் செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேறில்லை. இன்று அக்கையேடு ஏதென்ஸ் நகரிலுள்ள ஜார்ஜியாப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

நாற்பது ஏக்கர்

உள்நாட்டுப் போரின் இறுதியில், 1864 நவம்பரில், வட படைத் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவை எரித்துவிட்டுக் கடலை நோக்கி நடந்தார்; டிசம்பரில் சவன்னாவைக் கைக்கொண்டார். 1865 ஜனவரி 12 அன்று இரவு அந்நகரின் மாளிகை ஒன்றில், கறுப்பின சமயத் தலைவர்கள் 20 பேரை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டனர். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃப்ரேஸியர் என்னும் 67 வயது முதியவர். 1857-இல் ஆயிரம் டாலர் கொடுத்துத் தம்மையும் தம் மனைவியையும் விலைக்கு வாங்கி விடுவித்துக்கொண்டவர். எங்கள் உழைப்பால் நாங்களே வாழ நிலம் வேண்டும் என்பதே அவருடைய விடையின் சாரம்.

நான்கு நாட்களில் ஷெர்மனின் 15-ஆம் எண் கட்டளை வெளிவந்தது. தென் கரோலினாவிலிருந்து ஃப்ளோரிடா வரை கடற்கரைத் தீவுகளும் 30 மைல் அளவு உள்நிலமும் விடுதலை பெற்றோர்க்கு. குடும்பத்திற்கு 40 ஏக்கர் வரை. ஏறத்தாழ 40,000 பேர் நிலம் பெற்றுக் குடியேறினர், உழுதனர், விதைத்தனர். அதே ஆண்டின் இலையுதிர் காலத்திற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அக்கட்டளையை மாற்றி, நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பினார்.

இருப்பினும் அம்மக்கள் ஓய்ந்துவிடவில்லை. ஸப்பேலோவில் 1871-இல் விடுதலை பெற்றோர் கூட்டாகப் பணம் சேர்த்து நிலத்தை விலைக்கு வாங்கினர். இலவசமாகக் கிடைத்தது பறிபோயிற்று; காசு கொடுத்து வாங்கியதாவது நிலைக்குமா? அதையும் காண்போம்.

கரையில் ஹாரிஸ் நெக் என்னும் ஊரிலும் கறுப்பினக் குடும்பங்கள் சொந்த நிலத்தில் வாழ்ந்தன. 1942-இல் போர் விமானத் தளம் அமைக்க அவ்வூரின் ஏறத்தாழ 2,700 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் நிலம் திரும்பக் கிடைக்கும் என்று தங்களுக்குக் கூறப்பட்டதாக அம்மக்கள் சொல்கின்றனர். திரும்பவில்லை. 1962 முதல் அவ்விடம் பறவைகளின் சரணாலயம்.

1963-இல் வாஷிங்டனில் ஆற்றிய புகழ்மிக்க உரையில் மார்ட்டின் லூதர் கிங், கறுப்பின மக்களுக்கு இந்நாடு கொடுத்தது பணமில்லாமல் திரும்பிவரும் காசோலை என்று உவமை கூறினார். ஜார்ஜியாவில் பிறந்தவர்க்கு அந்த உவமை தேடி எடுக்க வேண்டியதாக இருந்திருக்காது.

அடுக்களையில் வாழ்ந்த மரபு

நிலம் பறிபோயிற்று; பெயரும் மொழியும் மார்க்கமும் பறிக்கப்பட்டன. பின் எஞ்சியது எது? எஞ்சியவற்றைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

1930-களில் அரசின் எழுத்தாளர் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஜார்ஜியாக் கடற்கரை முதியோரிடம் பழங்கதைகளைக் கேட்டுத் தொகுத்தனர். பிலாலியின் வழிவந்த முதியோர், அவரும் அவர் மனைவி ஃபீபியும் வைகறையில் பாய் விரித்து மண்டியிட்டுத் தொழுததையும், மணி உருட்டி ஓதியதையும் கூறினர். பிலாலியின் புதல்வியருள் பிந்து, ஃபாத்திமா, மதீனா என்னும் பெயர்கள் இருந்தமையும் தெரிய வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குறிப்பிட்ட நாளில் பாட்டி அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, இனிப்புக் கூட்டித் தட்டையாகத் தட்டி, பிள்ளைகளை அழைத்துக் கையில் கொடுப்பாராம். அதன் பெயர் 'சரக்கா'. அது 'ஸதகா' என்னும் சொல்லே என ஆய்வாளர் கருதுகின்றனர். பேத்திக்குச் சொல்லின் பொருள் தெரியாது. ஆயினும் கொடுத்து உண்ணும் செயல் நின்றது.

ஹாரிஸ் நெக் ஊரில் அமீலியா டாலி என்னும் பெண்மணி பொருள் அறியாமலே பாடி வந்த ஓர் ஆப்பிரிக்கப் பாடலை, 1930-களில் மொழியறிஞர் லொரென்சோ டர்னர் ஒலிப்பதிவு செய்தார். அது மெண்டே மொழிப் பாடல். 1990-இல் ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அதே பாடலை அறிந்த ஒரு பெண்ணைக் கண்டனர். இறந்தோரின் அடக்கச் சடங்கில் பெண்கள் பாடும் பாடல் அது. 1997-இல் அமீலியாவின் மகள் அவ்வூருக்கே சென்றார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு கடலின் இரு கரைகளிலும் தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த ஒரு பாடல், அறுந்துபோன உறவை ஒட்டிவிட்டது!

தீவில் எஞ்சியோர்

ஸப்பேலோவின் பெரும்பகுதியை 1930-களில் வாங்கிய புகையிலைச் செல்வர் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்பவர், சிதறி வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களை 1950-60களில் ஹாக் ஹம்மக் என்னும் ஒரே குடியிருப்பில் கொண்டு சேர்த்தார். 1871-இல் காசு கொடுத்து வாங்கிய நிலத்தின் கதியும் இவ்வாறாயிற்று. பின்னர் தீவின் பெரும்பகுதி மாநில அரசின் உடைமையாயிற்று.

அங்குப் பிறந்து வளர்ந்து, பிலாலியின் வழித்தோன்றல் என்று தம்மைப் பெருமையோடு கூறிக்கொண்டவர் கொர்னீலியா வாக்கர் பெய்லி. தம் மக்களின் வாழ்வை 2000-இல் ஒரு நூலாக எழுதினார். சிறு வயதில் கிழக்கு நோக்கியே இறைஞ்ச வேண்டும் என்று பெரியோர் கற்பித்ததைக் கூறி வந்தார். தீவின் செந்நிறப் பயற்றைப் பயிரிட்டு விற்றால் இளைஞர் ஊரில் தங்குவர் என்று பாடுபட்டு, 2017-இல் மறைந்தார். அவரும் அவர் உறவினரும் கிறித்தவர்களே. அதனால் பிலாலியின் நினைவு அவர்களிடம் குன்றிவிடவில்லை. காத்தவர்க்கு நாம் நன்றி கூற வேண்டுமேயன்றிக் குறை கூறலாகாது.

இன்று ஹாக் ஹம்மக்கில் வாழும் மூத்த குடிகள் சில பத்துப் பேரே. வெளியூர்ச் செல்வர்கள் மனை வாங்கி மாளிகை கட்ட, நிலத்தின் மதிப்பு உயர்கிறது. மதிப்பு உயர, வரியும் உயர்கிறது. வரி கட்ட இயலாதோர் விற்க நேர்கிறது. வீட்டின் பரப்பு 1,400 சதுர அடிக்கு மேற்படலாகாது என்றிருந்த விதியை, 2023 செப்டம்பரில் மெக்கின்டாஷ் மாவட்ட நிருவாகம் 3,000 சதுர அடி வரை தளர்த்தியது. அம்மாவட்டத்தின் தலைமையூர் எது தெரியுமா? டேரியன்! அடிமை வேண்டா என்று 1739-இல் மனு எழுதிய அதே ஊர்.

குடிகள் கையொப்பம் திரட்டி மக்கள் வாக்கெடுப்பு கோரினர், வழக்கு மூண்டது. இதனிடையே 2024 அக்டோபர் 19 அன்று, தீவின் பண்பாட்டு விழாவிற்கு வந்த மக்கள் படகுத்துறையில் நின்றபோது, நடைபாலம் முறிந்து 7 பேர் உயிரிழந்தனர். 2025 செப்டம்பரில், வாக்கெடுப்பு கோரும் உரிமை அம்மக்களுக்கு உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனு எழுதுவதும் கையொப்பமிடுவதும் வீண் போவதில்லை என்று அத்தீவு மக்கள் ஒருமுறையேனும் கண்டனர்.

வாசகப் பெருமக்களே! ஒரு மாநிலத்தின் மரபுச் செல்வம் எது என்று கேட்டால், பலரும் மாளிகைகளையும் தூண்களையும் காட்டுவர். ஜார்ஜியாவிலும் அவை உண்டு, காணத் தக்கவையே. ஆயின் மன்னரின் பட்டயமும், நீதிமன்றத்தின் தீர்ப்பும், தளபதியின் கட்டளையும் காப்பாற்றாத மக்களை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு முதியவரின் 13 பக்கங்களும், ஒரு பாட்டி தட்டிய அரிசிப் பண்டமும், ஒரு தாய் பாடிய பாட்டும் இன்னாரென்று உலகிற்கு அடையாளம் காட்டின.

பிலாலிக்கு இல்லாதிருந்த பள்ளியும் கிதாபும் உஸ்தாதும் ஓய்வும் நமக்கு உள்ளன. மாலையில் ஓதிவிட்டு வரும் பிள்ளையை அருகில் அமர்த்தி, இன்று என்ன பாடம் என்று கேட்கச் சில நிமிடங்கள் போதும். அவன் உளூவின் ஃபர்ளுகளை ஒப்பிக்கும்போது, கடலுக்கப்பால் ஒரு தீவில், நடுங்கும் கையால் அதே பாடத்தை நினைவுகூர்ந்து எழுதிய ஒரு முதியவரின் கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள்.